பலவீனத்தை முதலில் கேட்டார்கள்

ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு நோட்டு வாங்கியது. இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம். வரவு செலவுக் கணக்கு எழுதுவதுபோல, நண்பன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவன் அதற்கு முன் 6 நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்தவன். ஆறிலும் தேறவில்லை என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அனுபவம் அனுபவம்தானே.

"பலவீனம் என்ன என்று கேட்டால் பலவீனத்தைச் சொல்லித் தொலைக்காதே" என்பது அவனுடைய முதல் பாடம். "பலத்துக்கே ஒரு கிழிந்த சட்டையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போ. எதையும் அரைகுறையாக விட மனம் வராது என்று சொல். யாராவது உதவி கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது என்று சொல். கடைசியில், இப்போது திருத்திக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடு." முன்கோபம், மறதி, காலையில் எழுந்திருக்க முடியாமை என்று நான் உண்மையாகவே எழுதி வைத்திருந்த மூன்றையும் அவன் கையாலேயே அடித்தான்.

வீக்னஸ் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. ஆனால் நமக்கு அது டாக்டரிடம் சொல்லும் சொல். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு வாரம் காலில் இருக்குமே, அது. ஸ்ட்ரெங்த் அதைவிடக் குழப்பம். வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கும் அதையேதான் சொல்லி வளர்ந்தோம். உச்சரிப்பையோ கேட்கவே வேண்டாம். பன்மையில் அந்தச் சொல்லுக்கு 9 எழுத்து. அதில் உயிரெழுத்து ஒன்றே ஒன்று. மீதி எட்டும் அந்த ஒற்றை உயிரைச் சுற்றி நின்றுகொண்டு அதன் கழுத்தை நெரிக்கின்றன. சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்து வராது என்று பழகிய நாக்கு இதற்கு என்ன செய்யும்? கண்ணாடி முன் நின்று நூறு முறை சொல்லிப் பார்த்தேன். நூறு முறையும் 'இஸ்ட்ரெங்த்' என்றே வந்தது. படியேறுகிறவன் கைப்பிடியைத் தேடுவதுபோல, நாக்கு தானாக முன்னால் ஓர் இகரத்தைப் பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மா. அவருக்கு வலப்பக்கம் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தவர். இடப்பக்கம் ஒரு பெரியவர், வாயே திறக்கவில்லை. மேசையின் நடுவே மூடி போட்ட தண்ணீர் டம்ளர் ஒன்று. எனக்கு வைத்ததா, அவர்களுடையதா என்று சொல்ல முடியாதபடி சரிபாதித் தூரத்தில் இருந்தது. என் தொண்டையோ உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பெயர், படிப்பெல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டேன். பிறகு அந்த அம்மா கேட்டார். பலவீனத்தை முதலில் கேட்டார். என் நோட்டிலோ பலம்தான் முதல் பக்கம். கேள்வி எதுவாக இருந்தாலும் மனப்பாடத்துக்கு வரிசைதான் முக்கியம். முதல் பக்கம் திறந்துகொண்டது.

"ஐ வொர்க் வெரி ஹார்ட்லி, மேடம்."

இதில் என் தவறு பாதிதான். குவிக் என்பதோடு 'லி' சேர்த்தால் விரைவாக, ஸ்லோ என்பதோடு சேர்த்தால் மெதுவாக. ஆகவே ஹார்ட் என்பதோடு சேர்த்தால் கடினமாக என்றுதான் எவனும் நினைப்பான். ஆனால் ஹார்ட் மட்டும் வால் இல்லாமலே வினையோடு நிற்கும். வாலை ஒட்டினால் 'அநேகமாக இல்லை' என்று பொருள் தலைகீழாகிவிடும். ஆக, உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டவரிடம், வேலை செய்யும் வழக்கமே எனக்கு அவ்வளவாகக் கிடையாது என்று அறிவித்திருக்கிறேன். இலக்கணம் கோணல்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு அத்தனை பொருத்தமான பதிலை நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்போதிலிருந்து?"

"பள்ளிக்கூட நாளிலிருந்தே."

"முன்பு வேலை பார்த்த இடத்தில் இது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். மேலாளர் ஒரு கூட்டத்தில் இதைக் குறிப்பிட்டே பேசினார்."

தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்தினார்.

"மாற்றிக்கொள்ள முயற்சி செய்ததில்லையா?"

இது என்ன கேள்வி என்று எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. "எதற்கு மேடம்? என் அப்பாவும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகூட இப்படித்தான் இருப்பார்."

சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மெதுவாக, சரி, உங்கள் பலம் என்ன என்றார். இடப்பக்கம் தீர்ந்துவிட்டிருந்தது. வலப்பக்கத்தை ஒப்பித்தேன். யார் எந்த வேலை சொன்னாலும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இப்போது திருத்திக்கொண்டு வருகிறேன். எந்த வேலையையும் மறுக்கமாட்டான், எந்த வேலையையும் செய்யவும் மாட்டான். இதைவிட ஆபத்தான ஆளை எந்த அலுவலகமும் சந்தித்திருக்காது.

அப்போதுதான் பெரியவர் தமிழில் வாயைத் திறந்தார்.

"தம்பி, நோட்டில் பலத்தை முதலில் எழுதினீர்களா, பலவீனத்தையா?"

"பலத்தைத்தான், ஐயா."

"அதுதானே பார்த்தேன்" என்றவர், ஹார்ட்லி விவகாரத்தை அந்த அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்தே விளக்கினார். அந்த அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நானும் சிரித்தேன். காரணம் முழுதாகப் புரிய எனக்கு இன்னும் அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் காது மடல் சுட்டது.

அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டார்கள். நோட்டில் வேறு பக்கம் இல்லை. கேள்வி புரியாவிட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை போலும்.

முடிவில், எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார் அந்த அம்மா. இதற்கும் நண்பன் தயார் செய்து கொடுத்திருந்தான். நிறுவனத்தின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் பற்றிய நீளமான கேள்வி. முதல் சொல்லைத் தொடங்கினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அந்தத் தண்ணீர் யாருக்கு?" என்று கேட்டேன்.

பெரியவர் மூடியை எடுத்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.