பீடி சுருட்டிய கையும் என் பகல் தூக்கமும்

இரவுப் பணி முடிந்து, காலை ஒன்பது மணிக்குத் திருநெல்வேலி பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு நான் படுக்கப் போகும் நேரத்தில்தான் எங்கள் தெரு தன் வேலையைத் தொடங்குகிறது. எதிர்ச்சாரியில் இருக்கும் கிரில் பட்டறையில் இரும்பு அறுக்கும் மெஷின் வீரிடும். பழைய இரும்பு, ஈயம், பித்தளை எடுக்க வருகிறவரின் பதிவுசெய்த குரல், குட்டியானை வண்டியின் மேல் கட்டிய குழாயிலிருந்து ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தெருமுனையில் நிற்கும். ரயில் தண்டவாளம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். செங்கோட்டைக்குப் போகிற வண்டி ஊதுகிற ஊதலில் ஜன்னல் கண்ணாடி அதிரும். செவிலியர் வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகளில் மாதத்துக்குப் பத்து நாளாவது நான் இப்படிப் பகலில்தான் உறங்கியாக வேண்டியிருந்தது. அதில் முதல் ஒன்பது ஆண்டுகள் நான் உறங்கியதாகச் சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான். அதை மாற்றியது, காதுக்குள் செருகும் சின்ன மஞ்சள் நுரை உருளையான ஃபோம் காதடைப்பான்.

பகல் தூக்கம் இயல்பிலேயே மெலிந்தது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் விழித்திருக்கச் சொல்லும் நேரத்தில் நாம் அதை மீறிப் படுக்கிறோம். ஆகவே, நள்ளிரவில் புரண்டு படுக்கக்கூட வைக்காத ஒரு சத்தம், காலை பதினொரு மணிக்கு ஆளையே எழுப்பி உட்கார வைத்துவிடும். உறங்கும்போதும் மூளை கேட்பதை நிறுத்துவதில்லை. வார்டில் அயர்ந்து தூங்கும் நோயாளி, அருகே தட்டு விழுந்தாலும் எழாதவர், பெயரைச் சொல்லி மெல்ல அழைத்தால் எழுந்துவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஓயாமல் ஓடும் மின்விசிறியின் இரைச்சலுக்கு மூளை பழகிவிடுகிறது. அமைதியைக் கிழித்துக்கொண்டு திடீரென்று எழும் ஒலிக்குத்தான் அது எளிதில் பழகுவதில்லை.

ஃபோம் காதடைப்பானை முதன்முதலில் வாங்கியது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. உறையின் மேல், சத்தத்தை 33 டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருந்தது. பத்து டெசிபல் குறைந்தாலே ஒரு சத்தம் நம் காதுக்கு ஏறக்குறையப் பாதியாகக் கேட்கும் என்பதால், 33 என்றால் தெருவே இல்லாமல் போய்விடும் என்று நம்பினேன். இரண்டு விரலால் நசுக்கி, காதுக்குள் திணித்து, படுத்தேன். மெஷின் வீரிட்டது, முன்பு கேட்டதற்கும் அப்போது கேட்டதற்கும் வேறுபாடே தெரியவில்லை. எழுந்து பார்த்தால் ஒன்று தலையணையில் கிடந்தது. நான்கு நாள் முயன்றுவிட்டு, இது ஏமாற்று வேலை என்று தீர்மானித்து, பஞ்சை உருட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். பஞ்சு அதைவிட மோசம். இழைகளுக்கு நடுவே காற்று போகிற வழியெல்லாம் ஒலியும் போகும்.

குறை பொருளில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் என் மாமியார். அத்தைக்கு முக்கூடல்தான் சொந்த ஊர். பத்து வயதில் சொளகை மடியில் வைத்து பீடி சுற்ற உட்கார்ந்தவர். நல்ல நாளில் ஆயிரம் பீடிவரை சுற்றிய கை அது. இப்போது கண் மங்கிவிட்டதால் முந்நூறோடு நிறுத்திக்கொள்கிறார். ஒருநாள் காலை, நான் அந்த மஞ்சள் உருளையோடு மல்லுக்கட்டுவதைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அதை வாங்கினார்.

“ஏ பிள்ள, இப்படியா நசுக்குவாவ? மடிப்பு உழுந்தா அதுக்குள்ள காத்துல்லா போவும்.”

அவர் செய்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முதலில் அழுத்தமே இல்லாமல் உருட்டினார். உருளை சுற்றிலும் ஒரே சீராக இளகிய பிறகே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். நான் செய்ததுபோல எடுத்த எடுப்பில் நசுக்கினால் நீளவாக்கில் ஒரு மடிப்பு விழும்; காதுக்குள் போன பிறகு அந்த மடிப்பு விரியாமல் ஒரு வாய்க்காலாக நின்றுவிடும். அரை நிமிடத்தில் அது பீடியின் நுனியைவிட மெல்லியதாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அவர் விரலில் நின்றது. தன் வாழ்நாள் முழுவதும் இலையில் செய்ததைத்தான் அவர் ஃபோமில் செய்தார். என் மாமியாரின் கைத்திறமையை ஒரு நாளும் நான் அந்த அளவுக்கு உற்றுப் பார்த்ததில்லை என்பதை நினைத்து அன்று வருந்தினேன்.

சுருட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. பெரியவர்களுக்குக் காதில் சொட்டு மருந்து விடும்போது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித் தருகிறார்கள். காதுத் துளை நேரான குழாய் அன்று. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் வளைந்து செல்கிறது. மடலை அப்படி இழுத்தால்தான் வளைவு நிமிரும். நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். என் காதுக்குச் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. வலக்காதுக்கு என்றால் இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து மடலை இழுத்துப் பிடித்து, சுருட்டியது விரிவதற்கு முன்பு சில நொடிகளுக்குள் வலக்கையால் உள்ளே செலுத்த வேண்டும். உடனே கையை எடுத்துவிடக் கூடாது. விரல் நுனியால் தாங்கியபடி முப்பது, நாற்பது வரை எண்ண வேண்டும். அந்த நேரத்தில்தான் ஃபோம் மெல்ல விரிந்து துளையின் சுவரோடு ஒட்டுகிறது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே மெஷினின் வீரிடல் படிப்படியாகப் பின்வாங்கி, இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டதுபோலக் கேட்கும். அன்று அப்படித்தான் நடந்தது. பிற்பகல் மூன்றரை மணிவரை உறங்கினேன்.

அழுத்தினால் ஒடுங்கி, பொறுமையாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும் இந்த நுரைப்பொருளைக் காதுக்குப் பயன்படுத்தலாம் என்று 1967-இல் அமெரிக்காவில் கண்டவர்கள் ரோஸ் கார்ட்னரும் அவருடன் பணியாற்றியவர்களும். 1972-இல் அது மஞ்சள் உருளையாக விற்பனைக்கு வந்தது. ஆலைத் தொழிலாளர்களின் செவியைக் காப்பதே நோக்கம். உறையில் அச்சிடும் எண்ணும் ஆய்வுக்கூடத்தில், முறையாகச் செருகிய காதுகளில் அளந்தது. பணியிட உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், ஃபோம் வகைக்கு அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்தே கணக்கிட வேண்டும் என்று 1998-இல் பரிந்துரைத்தது, ஏனென்றால் நடைமுறையில் பலர் நான் செருகியது போலத்தான் செருகுகிறார்கள். கையில் ஃபோமை வைத்துக்கொண்டு “எனக்கு இது சரிப்படவில்லை” என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது எப்படிச் சுருட்டினீர்கள் என்பதைத்தான்.

எல்லாச் சத்தத்தையும் இது ஒரே அளவில் தடுக்காது என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதிச் சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் புரிந்துகொண்டேன். அது எங்கள் குடும்பமும் வரி கொடுக்கும் கோயில். கொடையை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த ஆண்டு மறுநாள் காலைப் பணி இருந்ததால் பதினொரு மணிக்குப் படுத்தே ஆக வேண்டியிருந்தது. அடைப்பானைச் செருகியதும், நையாண்டி மேளத்தில் நாகஸ்வரத்தின் உச்சக் குரலும் தாளத்தின் சிலிர்ப்பும் வில்லுப்பாட்டு வில்லில் கட்டிய மணிகளின் ஓசையும் தேய்ந்து, தொலைவுக்குப் போயின. தவிலும் பம்பையும் போகவில்லை. அவை கட்டில் சட்டத்தின் வழியாகவும் நெஞ்சுக்கூட்டின் வழியாகவும் வந்துகொண்டே இருந்தன. கூர்மையான, உச்சமான ஒலிகளை ஃபோம் நன்றாக விழுங்குகிறது. கனத்த, தாழ்ந்த ஒலிகள் மிஞ்சுகின்றன. காதை முழுவதுமாக அடைத்தாலும் மண்டை எலும்பு வழியாக உள்காதுக்கு ஒலி போய்ச் சேரும். ஆகவே கிரில் பட்டறைக்கு அடைப்பான் போதும். மேளத்துக்கு அது பாதி மருந்துதான். அன்று கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, உள்ளறையில் மின்விசிறியை வேகமாக வைத்த பிறகே கண் அயர்ந்தேன். விசிறியின் சீரான இரைச்சல், மிஞ்சி வந்த தாள அடிகளுக்கு நடுவே இருந்த வெறுமையை நிரப்பிவிட்டது.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். என் வருத்தம் கொடையின் மேல் அன்று, வேப்பமரத்தில் கட்டும் குழாய்களின் மேல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. பண்டிகைக் காலங்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம். வில்லுப்பாட்டுக்காரரின் குரல் கோயில் முற்றத்தில் அமர்ந்திருப்பவர்களுக்குக் கேட்டால் போதும். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் நோயாளிக்கும் பச்சைக் குழந்தைக்கும் அது குழாய் வழியாகப் போக வேண்டிய தேவை இல்லை. காதடைப்பான் கிடைக்கிறது என்பதற்காகச் சத்தம் போடுகிறவர்களின் பொறுப்பு குறைந்துவிடாது.

நல்ல தூக்கம் கிடைத்த மகிழ்ச்சியில் நான் செய்த ஒரு பிழையையும் எழுதியாக வேண்டும். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஒருநாள் காய்ச்சல் கண்டு, நண்பகலிலேயே வேனில் அனுப்பிவிட்டார்கள். அத்தை இலை வாங்கப் போயிருந்தார். பிள்ளை கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, படியிலேயே சுருண்டு படுத்துவிட்டான். போன் மேசையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தை திரும்பி வந்து என்னை எழுப்பியபோது அவன் உடம்பு கொதித்தது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தால் ஒரு காதில் மட்டுமே செருகுகிறேன்; திறந்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கிறேன். போன் அதிர்வில், தலையணைக்கு அடியில் இருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி. அத்தை வீட்டில் இருந்தால் இரண்டு காதும் அடைக்கலாம். எழுப்ப வேண்டும் என்றால் சத்தம் போட வேண்டாம், பாதத்தைத் தொட்டால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் சில நாள்கள் உங்கள் மூச்சும் எச்சில் விழுங்கும் ஒலியும் உங்களுக்கே பெரிதாகக் கேட்கும்; அது பழகிவிடும். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு வெளிச் சத்தம் அடங்கியதும் அந்த இரைச்சல் கூடுதலாகத் தெரியும். வழக்கமான அளவில் வரும் அடைப்பான் எனக்கு வலித்தது. துளை சிறியதாக உள்ளவர்களுக்கென்று வரும் சிறிய அளவை வாங்கிய பிறகு, ஒருக்களித்துப் படுத்தாலும் உறுத்தவில்லை. எழுந்ததும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் செவிப்பறை இழுபடும். மெதுவாகத் திருகி, காற்று புக விட்டு, பிறகு எடுக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது. அழுக்கேறியதையும், சுருட்டினால் பழையபடி விரியாததையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு டீ, வடைக் காசுக்குப் புது ஜோடி கிடைக்கும்போது காதைப் புண்ணாக்கிக்கொள்வது நியாயம் இல்லை.

குறும்பி அதிகம் சேருபவர்களுக்கு அடைப்பான் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும். காது மந்தமானால் குச்சியையோ ஹேர்பின்னையோ விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் வழக்கத்தை இனியாவது விட்டுவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்து வந்தவர்கள், ஆற்றில் முங்கி எழுந்தவர்கள், காது நன்றாக உலரும்வரை எதையும் செருக வேண்டாம்; ஈரத்தோடு அடைத்தால் துளையில் புண் வர வாய்ப்பு உண்டு, சர்க்கரை நோயாளிகளுக்கு அது பொல்லாததாக முற்றிவிடக்கூடும். சீழ் வடிகிறவர்களுக்கும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களின் தூக்கத்துக்காகச் சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கும்படி 2018-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி ஒன்று பரிந்துரைக்கிறது. மானிட்டர்களின் அலறலுக்கு நடுவே கண்ணை மூடத் தவிக்கும் நோயாளிகளை நான் இரவுதோறும் பார்க்கிறேன். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, விவரம் தெரிந்து சம்மதிக்கிறவர்களுக்கு மட்டும், புது ஜோடியை நானே சுருட்டிச் செருகிவிடுகிறேன். மடலை மேலும் பின்னுமாக இழுத்து, நாற்பதுவரை எண்ணுகிறேன். அவர்களில் ஒரு பெரியவர், காலையில் நான் அதைத் திருகி எடுத்ததும், முதல் நாள் கேட்டதையே மறுபடியும் கேட்டார்: “இன்னைக்கு ராத்திரியும் நீங்கதானம்மா டியூட்டி?”

பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இந்த ஆண்டுக் கொடை நெருங்குவதால், குழந்தைக்கும் இதை வைக்கலாமா என்று நேற்று கேட்டாள். வைக்கவே கூடாது என்றேன். அந்தச் சின்னத் துளைக்கு இது பொருந்தாது, கழன்று வாய்க்குள் போனால் மூச்சடைக்கும். தொட்டிலை வாசல் அறையிலிருந்து நடு அறைக்கு மாற்றிக் கட்டச் சொன்னேன். கொடைக் கமிட்டியில் இருக்கும் என் கணவரின் சித்தப்பாவிடம், எங்கள் பக்கம் பார்த்துக் கட்டும் குழாயைக் கோயில் முற்றத்தைப் பார்த்துத் திருப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.