கடைசி இரண்டு எபிசோடுகளுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தேன்

2022 ஏப்ரல் முதல் வாரத்தில் ‘ட்வென்ட்டி ஃபைவ் ட்வென்ட்டி ஒன்’ என்ற கொரியத் தொடரின் கடைசியான 16ஆவது எபிசோடை முடித்தபோது இரவு ஒன்றரை மணி ஆகியிருந்தது. அழுதுகொண்டே அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அதில் “ஏமாத்திட்டாங்க” என்ற ஒரே ஒரு சொல் மட்டுமே இருந்தது. “யாருடி ஏமாத்துனா? என்ன தர்றேன்னு சொல்லித் தராமப் போனாங்க?” என்று அக்கா கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதற்கு முன்பே பல கொரியத் தொடர்களைப் பார்த்திருந்தும், ஒரு முடிவு எனக்கு ஏன் பிடித்தது, இன்னொன்று ஏன் கசந்தது என்று ஒருமுறைகூட உட்கார்ந்து யோசித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

2023 ஜனவரியில் ஒரு நீள நோட்டு வாங்கி இந்தப் பழக்கத்தைத் தொடங்கினேன். பெரும்பாலான கொரியத் தொடர்கள் 16 எபிசோடுகளில் முடிந்துவிடும். நான் 14ஆவது முடிந்ததும் நிறுத்திவிட்டு ஒரு வாரம் காத்திருப்பேன். அந்த வாரத்தில் மூன்று கேள்விகளுக்கு எழுதிவைப்பேன்: முதல் இரண்டு எபிசோடுகளில் இந்த மனிதருக்கு இல்லாமல் இருந்தது என்ன, இதுவரை அவர் தாமாகத் தேர்ந்து செய்தது என்ன, முடிவில் நான் எதை எதிர்பார்க்கிறேன். கடைசி இரண்டைப் பார்த்த பிறகு மேலும் ஒரு வாரம் கழித்து நிறைவா, ஏமாற்றமா என்று எழுதுவேன். அதன்பின் முதல் இரண்டு எபிசோடுகளை மறுபடியும் பார்ப்பேன். இந்தக் கடைசி வேலை முதலில் வீண் என்று தோன்றியது, ஆனால் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அதிலிருந்தே வந்தது. இதுவரை 27 தொடர்களை இப்படிப் பார்த்திருக்கிறேன். கீழே சில தொடர்களின் முடிவுகளை வெளிப்படையாகவே சொல்லியிருப்பதால், பார்க்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

தொடங்கும்போது எனக்கு இருந்த எண்ணம் எளிமையானது: சேர்ந்தால் நிறைவு, பிரிந்தால் ஏமாற்றம். இரண்டே மாதத்தில் அது விழுந்துவிட்டது. 24 எபிசோடுகள் கொண்ட ‘மிஸ்டர் சன்ஷைன்’ தொடரில் நாயகி ஏஷினை நேசித்த மூன்று ஆண்களும் இறந்துபோகிறார்கள். அவள் மட்டும் மஞ்சூரியாவில் விடுதலைப் படைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். நான் இரண்டு நாள் துக்கத்தில் இருந்தேன், ஆனாலும் நோட்டில் ‘நிறைவு’ என்றுதான் எழுதினேன்.

அந்த எண்ணத்தை அடியோடு மாற்றியது ‘மை மிஸ்டர்’. பார்க் ஹேயோங் எழுதி, கிம் வோன்சோக் இயக்கி, 2018இல் டிவிஎன் அலைவரிசையில் வந்த தொடர் அது. கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளரான தோங்ஹூன், கடனிலும் தனிமையிலும் நசுங்கிப்போன ஜியான் என்ற இளம்பெண் ஆகிய இருவரின் கதை. தோங்ஹூனின் கைப்பேசியை ஒட்டுக்கேட்டே அவள் அவரை அறிகிறாள்; அவர் மூச்சு வாங்குவதையும், தனியாக நடக்கும்போது விடும் பெருமூச்சையும் காதில் கேட்டே ஒரு மனிதரை மதிக்கக் கற்றுக்கொள்கிறாள். 14ஆவது எபிசோடுக்குப் பிறகு நான் நோட்டில், “இவர்கள் காதலர்களாக ஆகக் கூடாது, ஆனால் அந்நியர்களாகவும் ஆகிவிடக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை” என்று எழுதியிருந்தேன்.

அந்த நடு இடத்தை அந்தத் தொடர் ஒரு கைகுலுக்கலில் கண்டுபிடித்துவிட்டது. சில காலம் கழித்து சோல் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றில் இருவரும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அவள் வேலையில் இருக்கிறாள், அவளைச் சுற்றி உடன் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இருவரும் கைகொடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு நல்ல சாப்பாடு வாங்கித் தர விரும்புகிறேன் என்கிறாள் அவள். பிறகு அவரவர் வழியில் நடக்கிறார்கள். ஜியான் என்ற பெயரை எழுதும் சீன எழுத்துகளுக்கு ‘நிம்மதியை அடைதல்’ என்று பொருள் என்பதைத் தொடர் முன்னமேயே சொல்லிவைத்திருக்கிறது. நடந்து போகும் தோங்ஹூனின் மனம், நிம்மதியை அடைந்தாயா என்று கேட்கிறது. அவள் மனம் ஆம் என்கிறது. மறுபடியும் முதல் எபிசோடைப் போட்டபோது, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அலுவலக மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைக் கண்டதும் தொண்டை அடைத்தது. அவளிடம் இல்லாதது எதுவோ, அது அவளுடைய பெயரிலேயே இருந்திருக்கிறது.

இதற்குப் பிறகு நான் ஒரு விதி செய்துகொண்டேன்: முதல் எபிசோடு எழுப்பிய கேள்விக்குக் கடைசி எபிசோடு விடை சொன்னால் நிறைவு, சொல்லாவிட்டால் ஏமாற்றம். ஏறத்தாழ ஒன்பது தொடர்களுக்கு இந்த விதி அழகாகப் பொருந்தியது. பிள்ளைகளின் கல்லூரி இடத்துக்காக எதையும் செய்யும் பணக்காரக் குடும்பங்களின் கதையான ‘ஸ்கை காசில்’, கடைசியான 20ஆவது எபிசோடில் ஏன் சப்பென்று ஆகிறது என்பதற்கும் பாதி விளக்கம் இதிலேயே கிடைத்தது. தன் மகளின் மதிப்பெண்கள் பாழாகும் என்று தெரிந்தே தாய் உண்மையைச் சொல்லத் துணியும் இடத்தில் அந்தக் கதையின் கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாக் குடும்பங்களும் வரிசையாகத் திருந்துவது கூடுதல் சுமை.

‘ரீபார்ன் ரிச்’ வந்து அந்த விதியை உடைத்தது. 2022 நவம்பர் 18 முதல் டிசம்பர் 25 வரை ஜேடிபிசி அலைவரிசையில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்றாக வந்த தொடர் இது. நான் 2023 கோடையில்தான் பார்த்தேன். சுன்யாங் என்ற பெருங்குழுமத்தின் குடும்பத்துக்கு உழைத்துக் கொல்லப்படும் யுன் ஹ்யொன்வூ, 1987இல் அதே குடும்பத்தின் கடைசிப் பேரன் ஜின் தோஜுனாகக் கண் விழிக்கிறான். வருங்காலம் தெரிந்த அந்தப் பையனும், அவன் தாத்தாவான ஜின் யாங்ச்சொலும் ஒருவரையொருவர் எடைபோடும் காட்சிகளைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. தாத்தாவாக நடித்த லீ சோங்மின் வெறும் கண்ணிமையைத் தூக்குவதிலேயே பாசமா, சந்தேகமா என்று நம்மைத் தவிக்க வைத்துவிடுவார்.

கடைசி எபிசோடில் தோஜுன் இறந்துபோகிறான். ஹ்யொன்வூ தன் பழைய உடலில், ஒரு வாரம் நினைவிழந்து கிடந்தவனாக விழிக்கிறான். தான் வாழ்ந்தது மறுபிறவியோ காலப்பயணமோ அன்று, பிராயச்சித்தமே என்று அவன் சொல்லிக்கொள்கிறான். தோஜுனின் சாவில் தனக்கும் பங்கு இருந்தது என்பதை உணர்ந்து, சுன்யாங் குடும்பத்தின் குற்றத்தை வெளிக்கொண்டு வருகிறான். மூலமான இணைய நாவலில் அவன் தோஜுனாகவே வென்று தலைவராகிறான். அந்தக் கடைசி எபிசோடின் பார்வையாளர் அளவு கொரியாவில் 26.9 விழுக்காட்டைத் தொட்டது. அவ்வளவு பேர் பார்த்த அந்த முடிவின்மீதுதான் கோபமும் கொட்டியது. இப்படிப்பட்ட முடிவைக் கொரியர்கள் ‘யோங்துசாமி’ என்பார்கள். தலை டிராகன், வால் பாம்பு என்பது அதன் பொருள். நம்முடைய ‘ஆரம்ப சூரத்தனம்’ அதற்கு வெகு அருகில் வரும்.

என் விதிப்படி இது நிறைவான முடிவாக இருந்திருக்க வேண்டும் என்பதே எனக்குச் சிக்கலாக இருந்தது. முதல் எபிசோடில் ஹ்யொன்வூவுக்கு நடந்த அநியாயத்துக்குக் கடைசியில் நியாயம் கிடைத்துவிடுகிறது. கேள்விக்கு விடை வந்துவிட்டது. அப்படியிருந்தும் நோட்டில் ‘ஏமாற்றம்’ என்று இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். மூன்று வாரம் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினைந்து எபிசோடுகள் நாம் கூடவே இருந்தது தோஜுனுடன். தாத்தாவின் மதிப்பைச் சம்பாதித்தவன் அவன், ஏலத்திலும் பங்குச் சந்தையிலும் பந்தயம் கட்டியவன் அவன், கடைசியில் விடை சொல்பவனோ நாம் ஒரு மணி நேரம் மட்டுமே அறிந்த வேறொருவன். கேள்வி கேட்டவன் யார் என்பதைவிட, அந்தக் கேள்வியைச் சுமந்து நடந்தவன் யார் என்பதைத்தான் மனம் கணக்கில் வைக்கிறது. அன்றிலிருந்து என் இரண்டாவது கேள்வியான ‘தாமாகத் தேர்ந்து செய்தது என்ன’ என்பதற்கு நோட்டில் கூடுதல் இடம் விட்டேன்.

அந்தக் கூடுதல் இடம் மிகவும் பயன்பட்டது ‘ரிப்ளை 1988’ தொடருக்கு. 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த இந்த 20 எபிசோடுத் தொடரை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தேன். சோலின் சங்முன்தோங் பகுதியில் ஒரே சந்தில் வளரும் ஐந்து நண்பர்கள். அவர்களில் ஒரே பெண்ணான தொக்சனின் கணவன் யார் என்பது கடைசிவரை புதிர். நடிகர் ரியு ஜுன்யோலின் பாத்திரமான ஜங்ஹ்வான்தான் கணவன் என்று நம்பிய கட்சிக்கு ‘ஒனம்ரியு’ என்றும், பாதுக் என்ற பலகை விளையாட்டின் வீரன் தேக்தான் என்று நம்பிய கட்சிக்கு ‘ஒனம்தேக்’ என்றும் கொரியாவில் பெயரே உண்டு. அக்கா இன்றுவரை முதல் கட்சி. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாம் முறை, ஜங்ஹ்வான் தேர்ந்து செய்தவற்றை மட்டும் எழுதிக்கொண்டே பார்த்தேன். மழையில் குடையோடு காத்திருக்கிறான், நெரிசலான பேருந்தில் அவள் விழாமல் கை ஊன்றி நிற்கிறான், அவளுக்கே தெரியாமல் அவளைக் கவனித்துக்கொள்கிறான். தேக்கும் அவளை விரும்புகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து பின்வாங்குகிறான். ஒவ்வொன்றும் மனத்தை அள்ளுகிறது, ஆனால் எந்த ஒன்றையும் அவன் அவள் அறியச் செய்யவில்லை. தேக்கும் ஒருமுறை நட்புக்காக ஒதுங்கிப் போனவன்தான். 18ஆவது எபிசோடில் அவன் ஆடவேண்டிய போட்டியையே விட்டுவிட்டு அவள் தனியாக நின்ற இடத்துக்கு வந்துவிடுகிறான். ஜங்ஹ்வான் சிவப்பு விளக்குகளில் மாட்டிக்கொண்டு வந்துசேர்வதற்குள் தேக் அங்கே நிற்கிறான். தடுத்தது விளக்குகள் அல்ல, தன் தயக்கங்களே என்று ஜங்ஹ்வானே ஒப்புக்கொள்கிறான். பிறகு உணவுக்கடை மேசையில் தன் விமானப்படைக் கல்லூரி மோதிரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, இத்தனை வருடம் சொல்லாததை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, அது விளையாட்டு என்று முடித்துவிடுகிறான். எல்லோரும் எழுந்து போகும்போது மோதிரம் மேசையிலேயே கிடக்கிறது. அந்த மேசையை மூன்று முறை பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன்.

தேக்கைத் தொக்சன் மணப்பதில் இப்போது எனக்குக் குறையில்லை. என் குறை அதைத் தொடர் நடத்திய விதத்தில் இருக்கிறது. நிகழ்காலத்தில் வரும் நடுவயதுக் கணவன் பேசும் பேச்சில் கூச்ச சுபாவமுள்ள தேக்கின் சாயல் தெரியவேயில்லை. புதிரைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதனின் குணத்தை மறைத்தது நேர்மையாக எனக்குப் படவில்லை. மோதிரக் காட்சிக்குப் பின் ஜங்ஹ்வான் ஏறத்தாழக் காணாமல் போவதும் அப்படியே. அவன் தோற்றதை ஏற்றுக்கொண்டேன், ஆனால் தோற்றவன் எப்படி வாழ்ந்தான் என்று காட்டியிருக்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அதைத்தானடி நான் பத்து வருஷமா சொல்றேன்” என்றாள்.

அதே தொடரின் இறுதியில் தொக்சனின் அக்கா போராவின் திருமணம் வருகிறது. அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் வாயால் எதையும் சொல்லத் தெரியாதவர்கள். அவள் வாங்கிக் கொடுத்த காலணி அப்பாவுக்குப் பெரிதாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் உள்ளே தாளைத் திணித்துக்கொண்டு நடக்கிறார். அவர் குதிகால் காலணியிலிருந்து எழும்புவதை மணக்கோலத்தில் இருக்கும் மகள் பார்த்துவிடுகிறாள். ‘அப்பா’ என்ற சொல் கொரிய மொழியிலும் அப்படியே ஒலிப்பதால் அந்தக் காட்சியில் நான் வசன வரியைப் படிக்கவே இல்லை. கணவன் யார் என்ற புதிரைத் தாண்டி இந்தத் தொடர் ஏன் நிற்கிறது என்பதற்கு என் நோட்டில் இந்தக் காலணி மட்டும் ஒரு முழுப் பக்கம்.

இவ்வளவையும் செய்த பிறகு, போன ஆண்டு மீண்டும் ‘ட்வென்ட்டி ஃபைவ் ட்வென்ட்டி ஒன்’ பக்கம் போனேன். 1998இல், பொருளாதார நெருக்கடியில் குடும்பம் நொடித்துப்போன பெக் இஜின், தந்தையால் பணம் இழந்தவர்களிடம், தான் ஒரு நொடியும் மகிழ்ச்சியாக இருக்கப்போவதில்லை என்று வாக்குக் கொடுக்கிறான். வாள்வீச்சு வீராங்கனை நா ஹீதோ அவனிடம், நாம் இருவரும் சேர்ந்திருக்கும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் மகிழ்ச்சியாக இருப்போம் என்கிறாள். இது இரண்டாவது எபிசோடு. பிரிவோ, இரட்டைக் கோபுரத் தாக்குதலைச் செய்தியாக்க நியூயார்க்கில் தங்கிவிட்ட இஜின், தான் பார்த்த துயரத்தை ஹீதோவிடம் சொல்லாமல் தனக்குள் பூட்டிக்கொள்வதிலிருந்து வருகிறது. அவன் மறுபடியும் அந்தப் பழைய வாக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறான். முதல் முறை பார்த்தபோது எனக்கு இது தெரியவே இல்லை. பிரிவுக்கான விதை முதலிலேயே ஊன்றப்பட்டிருக்கிறது, பிரிவதும் அவர்களே எடுக்கும் முடிவு.

அப்படியென்றால் ‘ஏமாத்திட்டாங்க’ என்றது தவறா? முழுவதும் தவறில்லை என்றே நினைக்கிறேன். பதினான்கு எபிசோடுகள் நிதானமாக வளர்த்த உறவைக் கடைசி இரண்டில் அவசரமாகக் கலைத்தார்கள். அதைவிட, நண்பர்கள் ஐவரும் கடலுக்குப் போன அந்தக் கோடைநாளை நடுவயது ஹீதோ நினைவில்லை என்று சொல்வது என்னை இப்போதும் காயப்படுத்துகிறது. அவள் மறந்திருக்கலாம், வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கும். ஆனால் அந்த நாளை நமக்கு அவ்வளவு அருகில் வைத்துக் காட்டிவிட்டு, மறந்தது ஏன் என்று ஒரு காட்சியாவது காட்டாமல் போனது அநியாயம். நோட்டில் ‘ஏமாற்றம்’ என்பதை அடித்துவிட்டு ‘பாதி’ என்று எழுதியிருக்கிறேன்.

27ஆவதாகப் பார்த்தது, 2025 மார்ச்சில் வாரத்துக்கு நான்கு எபிசோடுகளாக வெளியான ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்’. இதில் 12ஆவதுக்குப் பிறகு நிறுத்தினேன். ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கி அபலோன் என்ற கடல் நத்தை எடுக்கும் தாய்க்குப் பிறந்த ஏசுன், பத்து வயதில் ஒரு கவிதை எழுதுகிறாள்: அம்மா நத்தை விற்றுச் சம்பாதிக்கும் நூறு ஹ்வானை (அன்றைய கொரியப் பணம்) நானே கொடுத்து அவளுடைய ஒரு நாளை வாங்கிக்கொள்ள ஆசை என்று. அந்தத் தாய் 29 வயதில் இறந்துவிடுகிறாள். நான் எழுதிய எதிர்பார்ப்பு, ஏசுனின் கவிதைகள் எப்படியாவது அச்சாக வேண்டும் என்பது மட்டுமே. கணவன் க்வான்ஷிக்கை இழந்த பிறகு, கிழப்பருவத்தில் அவை அச்சாகவும் செய்கின்றன. ஆனால் அந்தக் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கண்கலங்கும் பதிப்பகத்துப் பெண்ணாக வருபவர், முதல் எபிசோடுகளில் தாயாக நடித்த அதே யோம் ஹேரான். அவர் முகத்தைக் கண்டதும் படத்தை நிறுத்தினேன். அந்த வாரம் நோட்டில் வேறெதுவும் எழுத வரவில்லை. “அம்மா படித்துவிட்டாள்” என்று தேதி போட்டு மூடி வைத்தேன்.