மண்ணடியில் அரபி லேஅவுட்

சென்னை மண்ணடியில் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கத் தமிழும் இங்கிலீஷும் மட்டும் போதாது. கல்யாணப் பத்திரிகையின் தலையில் பிஸ்மில்லாஹ் வரும், மதரஸா பாடப் புத்தகத்தில் பாதிப் பக்கம் அரபி வரும், துஆ (பிரார்த்தனை) தொகுப்பு என்றால் மேலே அரபி, கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதற்கும் கீழே பொருள். அங்கப்ப நாயக்கன் தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் இந்த வேலையைத்தான் பல வருடமாகச் செய்கிறேன். தண்டையார்பேட்டையில் வளர்ந்த எனக்கு அரபி எழுத்துகளை அடையாளம் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. இந்தத் தொழிலில் என்னைப் போன்றவர்கள் நிறைய. அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: அரபி வரியைக் கண்ணால் பார்த்து, எழுத்தை இழுத்து நகர்த்திச் சரி செய்யாதீர்கள்.

அந்தப் பழக்கம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளின் காலத்தில் வந்தது. அதன் சாதாரணப் பதிப்புக்கு வலமிருந்து இடம் போகத் தெரியாது. அரபியில் பெரும்பாலான எழுத்துக்கு நான்கு வடிவம் உண்டு, தனியாக நிற்கும்போது ஒன்று, சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் என்று ஒவ்வொன்று. அலிஃப், தால், ரா, வாவ் போன்ற சில எழுத்துகள் தனக்கு அடுத்து வருவதோடு சேரவே சேராது. இதையெல்லாம் மென்பொருள் செய்யாததால் அப்போதைய ஆபரேட்டர்கள் தனி ஃபான்ட் வைத்துக்கொண்டு வரியைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி, தலைகீழாக அடித்தார்கள். அச்சில் பிரமாதமாகத்தான் வந்தது. அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு வேறு வழியும் அவர்களுக்கு இல்லை.

பிரச்சினை மறுபதிப்பில் வரும். அப்படி அடித்த ஒரு துஆ புத்தகத்தை ஒரு பதிப்பாளர் கொண்டுவந்தார், அளவை மாற்ற வேண்டும். பெட்டியைச் சின்னதாக்கினால் வரி மடங்கும் இல்லையா, மென்பொருளுக்கு இடது ஓரம்தான் தொடக்கம், ஆனால் அங்கே இருப்பது வாக்கியத்தின் முடிவு. ஆகவே முடிவு மேல் வரியில் தங்கிவிட, தொடக்கம் கீழ் வரிக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு எழுத்தும் அழகாக, புள்ளி பிசகாமல் இருக்கும். வாசிக்கத் தெரியாத யாருக்கும் எதுவும் தெரியாது. புரூஃப் பார்த்த ஹஜ்ரத்தான் (மார்க்க அறிஞர்) கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏம்மா, இந்த துஆ வாலிலிருந்துல்ல ஆரம்பிக்குது?” என்றார். மொத்த அரபியையும் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) புதிதாக அடித்தோம், அதைத் தவிர அந்தக் கோப்புக்கு வைத்தியம் கிடையாது.

இப்போது பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் இது சுலபம், ஆனால் வழக்கமாக நிறுவிய இன்டிசைனில் அதற்கான பொத்தான்கள் இருக்காது. கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் மொழியை ‘அரபி ஆதரவுள்ள ஆங்கிலம்’ என்று மாற்றிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். அப்புறம்தான் பத்தியின் திசை, வலது பக்க பைண்டிங், எண்களின் வடிவம் எல்லாம் கண்ணில் படும். வேர்ல்ட் ரெடி கம்போஸர் (இப்படிப்பட்ட எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து வரி அமைக்கும் வசதி) தேர்வில் இருக்கிறதா என்றும் பாருங்கள், யூனிகோடு தமிழுக்கும் அதுதான் வேண்டும்.

திசையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. எண்கள் அரபிக்குள்ளும் இடமிருந்து வலம்தான் ஓடும். நடுவில் இடைவெளி விட்டு ஐந்து ஐந்தாகப் பிரித்த மொபைல் எண்ணை அரபிப் பத்தியில் போட்டால், முதல் ஐந்து வலது பக்கமும் அடுத்த ஐந்து இடது பக்கமும் போய் நிற்கும். பத்திரிகையில் அந்த எண்ணைப் பார்த்து அழைப்பவருக்கு யாரோ எடுப்பார்கள். எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து எழுத்தின் திசையை இடமிருந்து வலம் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இதைவிடத் தொல்லை, பாமினி போன்ற பழைய தமிழ் ஃபான்ட். இவை ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. அதில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது கணினிக்கு ஓர் அரைப்புள்ளிக் குறி, ஜ என்பது சதுர அடைப்பின் திறப்பு, ஸ என்பது அதன் மூடல். அடைப்புக்குறிகள் வலமிருந்து இடம் போகும்போது தானே திரும்பிக்கொள்ளும் வகை. ஆக ‘ஜனாப்’ என்று மட்டும் உள்ள வரி தவறுதலாக அரபித் திசையில் மாட்டினால், ஜ வலது ஓரத்துக்குப் போய் ஸ ஆகிவிடும், கடைசிப் புள்ளி இடது ஓரத்துக்கு ஓடிவிடும். ஃபான்ட் கெட்டுவிட்டது என்று பலர் இதற்காக கணினியையே ஃபார்மேட் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தமிழுக்கு ஒரு பத்தி ஸ்டைல், அரபிக்கு ஒன்று, இரண்டிலும் திசையைக் கட்டிப் போடுங்கள், அது போதும்.

குர்ஆன் வசனத்தை நான் கையால் அடிப்பதே இல்லை. தன்ஸீல் என்ற இணையதளத்தில் சரிபார்த்த யூனிகோடு வாசகம் கிடைக்கிறது, அங்கிருந்து எடுப்பேன். அதிலும் நம் ஊர் மதரஸா பிள்ளைகள் பழகியது இந்திய எழுத்து முறை, மதீனா முஸ்ஹஃபின் (மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதி) முறையில் சுகூன் குறியும் (உயிரொலி இல்லை என்று காட்டுவது) நிறுத்தக் குறிகளும் வேறு மாதிரி இருக்கும். எது வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், மேல் வரியின் ஜேர் (எழுத்துக்குக் கீழே வரும் இகரக் குறி) கீழ் வரியின் ஜபரோடு (மேலே வரும் அகரக் குறி) மோதினால் சின்னப் பிள்ளை எதை வாசிக்கும்? எழுத்து இடைவெளியைக் கூட்டவே கூடாது, சேர்ந்திருக்க வேண்டிய எழுத்துகள் அறுந்துவிடும்.

உருது வேறு உலகம். உருதுவுக்கான நஸ்தஅலீக் எழுத்து நடை சரிந்து இறங்கி வருவதால் அச்சுக்கோப்பில் அதை அடக்குவது வெகுகாலம் முடியாத காரியமாக இருந்தது. திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கிய முஸல்மான் நாளிதழைக் கணினி வந்த பிறகும் கையால் எழுதித்தான் அச்சிட்டார்கள். நூரி நஸ்தஅலீக் ஃபான்டுக்காகச் சுமார் 20,000 கூட்டெழுத்துகளை உருவாக்க வேண்டியிருந்தது. இன்பேஜ் என்ற உருது மென்பொருள் அதைத்தான் எல்லா மேசைக்கும் கொண்டுவந்தது.

பிரஸ்ஸுக்குப் போகும் பிடிஎஃப்பில் எழுத்தை கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பை எடுத்து வையுங்கள், மறுபதிப்புக்கு அதுதான் உதவும். வலது பக்க பைண்டிங் என்று, பக்கங்களை அச்சுத் தாளில் அடுக்கிப் பாரம் போடுபவருக்கு வாயால் சொல்வதோடு விடாமல், மடித்த மாதிரி ஒன்றையும் கையில் கொடுங்கள். ஹஜ்ரத்திடம் கடைசியாகக் காட்ட வேண்டியது அந்தக் கடைசி பிடிஎஃப்பிலிருந்து எடுத்த பிரின்டைத்தான், திரையை அல்ல.

இவ்வளவுக்கும் பக்க ரேட் தமிழுக்கு என்னவோ அதேதான் தருகிறார்கள். அது நியாயமில்லை. நான் அரபிப் பக்கத்துக்குத் தனி ரேட் கேட்கிறேன், வாசித்துப் பார்ப்பவருக்கான தொகையையும் பில்லில் தனி வரியாகப் போடுகிறேன். சிலர் முனகுவார்கள், ஆனாலும் கொடுத்துவிடுகிறார்கள்.