சீனப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்கள்

பினாங்கில் தரவு வரைபடம் தயாரிப்பவர்களுக்கு ஒரே படத்தில் மலாயும் சீனமும் தமிழும் தேவைப்படுவது புதிதல்ல. ஜார்ஜ் டவுன், பட்டர்வொர்த் என்று ஊர்வாரியாகப் பட்டைகள் வரைந்து, ஊர்ப்பெயர்களைச் சீனத்தில் இட்டால், பைத்தான் நிரல்மொழியின் வரைபட நிரலகமான மேட்பிளாட்லிப் வெற்றுக் கட்டங்களை வரிசையாக நிறுத்திவிடும்.

கட்டம் வந்தால் கவலை வேண்டாம். தரவு கெடவில்லை, இயல்பு எழுத்துருவான டேஜாவு சான்ஸில் சீன வடிவங்கள் இல்லை, அவ்வளவே. கட்டத்துக்குப் பதிலாகத் தலையில் புள்ளியும் கோடும் ஏறிய லத்தீன் எழுத்துகள் தாறுமாறாக வந்தால் நோய் வேறு. சீனத்துக்கான ஜிபிகே குறியேற்றத்தில் சேமித்த கோப்பு, மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று திறக்கப்பட்டிருக்கும். அதற்கு எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, தரவுக் கோப்பைப் பாண்டாஸ் நிரலகத்தில் வாசிக்கும்போதே, ஜிபிகேயை உள்ளடக்கிய ஜிபி18030 என்று குறிப்பிட வேண்டும்.

விண்டோஸில் தீர்வு எளிது: மேட்பிளாட்லிப் அமைப்புகளில் உள்ள சான்ஸ் செரிஃப் எழுத்துருப் பட்டியலின் முதலிடத்தில் சிம்ஹெய் எழுத்துருவைச் சேர்த்தால் பெயர்கள் தெரியும். ஆனால் யூனிகோடின் கழித்தல் குறி அதில் இல்லாததால் எதிர்ம எண்களின் முன்னே கட்டம் முளைக்கும். யூனிகோடு மைனஸ் அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். மேட்பிளாட்லிப்பின் மேல் இயங்கும் சீபார்ன் நிரலகத்தைப் பயன்படுத்துபவர்கள் அதன் 'தீம்' என்ற தோற்ற அமைப்பை இட்ட பிறகே இவற்றைச் செய்யட்டும், இல்லையேல் அது எழுத்துருவைப் பழையபடி மாற்றிவிடும்.

லினக்ஸில்தான் வம்பு. கூகுளும் அடோபியும் 2014இல் வெளியிட்ட, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கான நோட்டோ சான்ஸ் சிஜேகே, லினக்ஸ் வகையான உபுண்டுவில் பல எழுத்துருக்களை அடக்கிய ஒற்றைக் கோப்பாக வருகிறது. மேட்பிளாட்லிப் நெடுங்காலமாக அத்தகைய கோப்பின் முதல் எழுத்துருவை மட்டுமே படித்துவந்தது. இங்கே முதலில் இருப்பது ஜப்பானியம். அந்தப் பெயரைக் கொடுத்தாலும் படம் வரும், ஆனால் சில எழுத்துகள் ஜப்பானிய வடிவில் நிற்கும். எளிமையாக்கப்பட்ட சீனத்தில் பள்ளிப்படிப்பை முடித்த நம்மூர்ச் சீனர்களின் கண்ணை அது உறுத்தும். எளிமையாக்கப்பட்ட சீனத்துக்கான தனிக் கோப்பை இறக்கி, மேட்பிளாட்லிப்பின் எழுத்துரு மேலாளரில் நேரடியாகச் சேர்ப்பதே மேல்.

2022இல் வந்த மேட்பிளாட்லிப் 3.6 பதிப்பு முதல், ஓர் எழுத்துருவில் இல்லாததை எழுத்துருக் குடும்பப் (ஃபாண்ட் ஃபேமிலி) பட்டியலில் அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதை நம்பித் தமிழ் எழுத்துருவையும் சேர்த்தால் கட்டம் மறையுமே தவிர, சிக்கல் தீராது. சீனத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனி வடிவம் என்பதால் வரிசையாக அடுக்கினாலே போதும். தமிழில் கொம்பு, கணினியில் மெய்க்குப் பின்னே சேமிக்கப்பட்டாலும், திரையில் அதற்கு முன்னே வர வேண்டும். நான் பயன்படுத்தும் பதிப்பு குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்குவதால், பக்கத்து மாநிலமான 'கெடா', 'கடொ' என்று அச்சாகிறது. ஆகவே தமிழ் கலந்த படங்களுக்கு மட்டும், எழுத்துகளைக் கோத்துத் தரும் ராக்ம் நிரலகத்தைப் பயன்படுத்தும், மேட்பிளாட்லிப்பின் மாற்று வரைபொறியான எம்பிஎல்கெய்ரோவுக்கு மாறிக்கொள்கிறேன்.