கிராம் கணக்கு

ஜூலை 9
பாப்பா இன்று 1,510 கிராம். குறைமாசத்தில் பிறந்தவள், பிறந்தபோது 1,640. முதல் வாரம் இறங்கத்தான் செய்யும், பத்து சதவீதம் வரை பயப்பட வேண்டாம் என்கிறார்கள். இது எட்டுகூட வரவில்லை. ராத்திரி பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டும் தூக்கம் வரவில்லை.

ஜூலை 11
பாப்பா இருக்கும் வார்டுக்குள் விடுமுன் முழங்கை வரை கழுவச் சொல்கிறார்கள். நான் ரெண்டு தடவை கழுவுகிறேன். அப்படியும் விரலிடுக்கில் பட்டறைக் கட்டிங் ஆயில் வாடை. சிஸ்டர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நகத்தை இன்னும் ஒட்ட வெட்டுங்க, கயிறெல்லாம் வேண்டாம் என்றார். மருதமலைக் கயிற்றை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முருகன் கோபிக்க மாட்டார்.

ஜூலை 13
இன்று பாப்பாவை என் நெஞ்சில் போட்டார்கள். டயபர், குல்லா, அவ்வளவுதான். கால்களை மடக்கிக் கவிழ்த்துப் படுக்கவைத்து மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். அம்மாதான் என்றில்லை, அப்பாவும் செய்யலாமாம். கொலம்பியாவில், பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் 1978-ல் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்துவைத்த வழி இது. ஒரு மணி நேரமாவது இருங்கள் என்றார் சிஸ்டர். அசையாமல் இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பாப்பா மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது. நான் விடுவது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூலை 14
1,560!

ஜூலை 16
ராத்திரி போனில் படித்தது மண்டையை விட்டுப் போகவில்லை. 1986, மியாமி. டிஃபனி ஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் குறைமாசக் குழந்தைகளுக்குத் தினம் மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிஷம், பத்து நாள் நீவிவிட்டிருக்கிறார்கள். நீவாத குழந்தைகளைவிட இவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறும் எடை 47 சதவீதம் அதிகம். வீட்டுக்கும் ஆறு நாள் முன்னால் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது என்று வைத்திருந்தார்களாம். 47 என்பது மொத்த எடையில் இல்லை, தினம் ஏறுவதில். அதுவும் ஒரு பக்கம் இருபது, இன்னொரு பக்கம் இருபது குழந்தைகள்தான். எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த 47.

இவளிடம் சொன்னேன். “அமெரிக்காக் கொழந்தைக்கு ஏறுனதெல்லாம் இருக்கட்டுங்க. நீங்க சாப்டீங்களா?” என்றாள். தையல் இன்னும் வலிக்கிறது, அதான் எரிச்சல்.

ஜூலை 18
டாக்டர் சரி என்றுவிட்டார். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். பால் குடித்த உடனே கூடாது. ஃபேனை நிறுத்தவேண்டும். எண்ணெயை நம் உள்ளங்கையில் தேய்த்துச் சூடு வந்தபின்தான் குழந்தைமேல் வைக்கவேண்டும். கொட்டாவி, விக்கல், விரல்களை விரித்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் எதைச் செய்தாலும் போதும் என்கிறாள் என்று அர்த்தம், நிறுத்திவிடவேண்டும்.

நான் பயத்தில் விரல் நுனியால் தடவினேன். பாப்பா உடம்பை உதறினாள். “கூச்சம் காட்டாதீங்க, கையை முழுசா வைங்க” என்றார் சிஸ்டர். எவ்வளவு அழுத்துவது? பட்டறையில் கனம் அளக்கிற மைக்ரோமீட்டரில் ராட்செட் என்று ஒரு திருகு இருக்கிறது. பிடி போதுமென்றால் டக்கென்று வழுக்கும், அதற்குமேல் இறுக்க விடாது. பாப்பாவின் தொடையிலும் அப்படி ஓர் இடம் வந்தது. அதோடு நின்றேன். விரலை விரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். சரி, என் பக்கம் பார்த்தாள்.

ஜூலை 19
பட்டறைக்குப் போனேன். கடைந்ததில் ரெண்டு புஷ், உலோக வளையம், வீண்.

ஜூலை 24
1,840. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரெண்டரைக் கிலோ வரும்வரை தண்ணீர் ஊற்றக்கூடாது, வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும்.

ஜூலை 26
கிணத்துக்கடவு, மாமியார் வீடு. ஆடிக்காத்து கூரை ஓட்டைத் தூக்குகிறது.

அத்தை சொல்லாமலேயே குளிப்பாட்டும் பாட்டியை வரச்சொல்லிவிட்டார். இவளையும் குளிப்பாட்டிய கை. காலை நீட்டி உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, “கொண்டாங்க சாமி” என்றார். தண்ணீர் கிடையாது என்றதும் முகம் வாடிவிட்டது. “தண்ணி ஊத்தாம எண்ணெயை மட்டும் நீவிட்டுப் போறதுக்கு நான் எதுக்குங்க?” அப்புறம் மூக்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதவேண்டும் என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா ஆகிவிடும். சாம்பிராணியும் வேண்டாம் என்றேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார். இவள், “அவர் சொல்றதுதாம்மா” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைக் கேட்பது அபூர்வம்.

பாட்டி கோபித்துக்கொண்டு போகவில்லை. காங்கேயத்து எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கினார், யாரும் சொல்லாமல். தொடையிலிருந்து பாதம் வரை ஒரே இழுப்பு. வயிற்றில் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக. உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்சம் நிறுத்தினார். சிஸ்டர் பிடித்த அதே அழுத்தம். எங்கே கற்றார்? கேட்டால், “கத்துக்கறதுக்கு என்னங்க இருக்குது” என்கிறார். தலையை உருட்டப் போனபோது மட்டும் தடுத்தேன். உச்சிக்குழி அங்கே துடித்துக்கொண்டிருந்தது. காசைக் கொடுத்ததும் எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜூலை 27
ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. இன்னும் எங்கிருந்தோ வருகிறது காத்து.

ஜூலை 31
கண் பரிசோதனை. குறைமாசத்தில் பிறந்தால் விழித்திரையில் ரத்தக்குழாய் ஓரம்வரை ஓடி முடித்திருக்காது, முதல் மாசம் முடிவதற்குள் பார்த்தாக வேண்டும். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கதவுக்கு வெளியே அழுகை கேட்டது. இவள் காதைப் பொத்திக்கொண்டாள், நான் எண்ணினேன்.

“இன்னும் முழுசா வளரல. ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம்” என்றார் டாக்டர். வளரலை என்றால் கெட்டதா, இன்னும் ஆகவில்லை என்பதா? நான் கேட்டபோது அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் நீவும்போது பாப்பா கொட்டாவி விட்டாள். உடனே நிறுத்தினேன். அழுத களைப்பு.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. 2,110. ஒரு நாளைக்கு 27 கிராம். எலுமிச்சை சாதம். பட்டறைக் காசில் தராசு வாங்கியதற்கு அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அப்புச்சிதான், “தேங்காய்க்கும் ஆகுமா மாப்ள?” என்றார்.

ஆகஸ்ட் 6
இவள் தராசை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுக்கிறேனாம்.

இன்று இவளே நீவினாள். குனிய முடியாததால் கட்டிலில் படுக்கவைத்து, தான் நாற்காலியில் உட்கார்ந்து. ஏதோ பேசிக்கொண்டே செய்கிறாள், பக்கத்து வீட்டு வம்பு எல்லாம். நான் வாயைத் திறக்காமல் நீவுவேன். பாப்பா இவளிடம் அதிக நேரம் இருந்தாள். கொஞ்சம் பொறாமைதான்.

ஆகஸ்ட் 9
இடது தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. முந்தாநாள் இல்லை. வலதில் இன்னும் இல்லை. ஸ்டூல் போட்டால் தராசு எட்டும். போடவில்லை.

ஆகஸ்ட் 11
ரெண்டு கண்ணாலும் விளக்கைப் பார்க்கிறாளா? ஒரு கண் கொஞ்சம் பின்தங்கி வருகிற மாதிரி இருக்கிறது. இவள் இல்லை என்கிறாள். பாட்டி, “பிஞ்சுக் கண்ணுங்க, அப்படித்தான் அலையும்” என்கிறார். துணியில் முடிந்து வேப்பிலை வேறு கொண்டுவந்திருந்தார், வாசலில் செருகிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 13
நாளைக் காலை எட்டு மணிக்கு டோக்கன். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பால் கொடுத்துவிட வேண்டும். ஆறரைக்கே கிளம்பினால்தான் ஆகும், ஈச்சனாரிக்கிட்ட எப்போதும் நெரிசல். அப்புச்சி காருக்குச் சொல்லியிருக்கிறார். ஃபைல், குல்லா, ரெண்டு டயபர்,