மறுகூட்டலில் கிடைத்த இரண்டரை கட்-ஆஃப்

தமிழ்நாட்டில் 2007-இல் நுழைவுத் தேர்வு நீங்கியதிலிருந்து, பொறியியல் கலந்தாய்வில் ஒரு மாணவர் எந்த இடத்தில் நிற்பார் என்பதைப் பிளஸ் டூ மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. கணிதம் 100-க்கு முழுதாகவும் இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேர்ந்து கட்-ஆஃப் 200-க்கு வரும். என் மகளுக்கு முறையே 91, 84, 78, அதாவது 172. வேதியியலில் 78 என்பதை அவள் ஏற்கவே இல்லை.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கப் பள்ளி அலுவலகத்துக்குப் போனால், எழுத்தர் தலையைக் கூட நிமிர்த்தாமல், "பாஸ்தான் ஆயிடுச்சே சார், எதுக்கு வீண் செலவு? ஒரு மார்க்கு ஏறாது" என்றார். மறுநாள் நெட் இல்லை என்றார். அவகாசமே சில நாள்தான் என்பதால், இனி இவரிடம் மன்றாடிப் பயனில்லை என்று நேராகத் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகு கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது.

நகலை மகள் பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்தாள். ஓர் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உள்ளே சிவப்பு மையில் 5 போட்டிருக்கிறார்கள். முகப்புப் பக்கக் கட்டத்தில் அது ஏறவில்லை. இத்தகைய பிழைக்கு மறுகூட்டலே போதும். திருத்தியதே தவறு என்று தோன்றினால்தான் மறுமதிப்பீடு தேவை. வேதியியல் 83 ஆனது, கட்-ஆஃப் 174.5 ஆனது.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்காக முன்பே வாங்கி வைத்திருந்ததால், சான்றிதழ் சரிபார்ப்பு சிக்கலின்றி முடிந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது என்பதைப் பலர் அங்கே வந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

தரவரிசைப் பட்டியல் வந்தபோது அதில் பழைய 172-தான் இருந்தது. உதவி மையத்தில் கேட்டால் "தானா அப்டேட் ஆயிடும், போங்க" என்றார்கள். ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் முதலில் கணிதத்தையும் பிறகு இயற்பியலையும் பார்த்து வரிசைப்படுத்தும் இடத்தில், இரண்டரை என்பது எத்தனை பேரைத் தாண்டுகிற எண் என்று எனக்குத் தெரியும். ஆகவே, திருத்திய மதிப்பெண் பட்டியலை இணைத்து, குறைதீர்ப்பு அவகாசம் முடிவதற்குள் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் வாய்மொழி உறுதியை நம்பி வீடு திரும்ப வேண்டாம். தரவரிசை திருத்தப்பட்டது.

அரசுக் கல்லூரி ஒன்றில் அவள் கேட்ட மின்னணுவியல் பிரிவே கிடைத்தது. எங்கள் பிரிவினருக்கு அந்தப் படிப்பு 173-இல் முடிந்துவிட்டது. அந்த எழுத்தருக்கு இனிப்புக் கொடுத்து வரலாமா என்று மகள் கேட்கிறாள். எனக்கு இன்னும் மனம் வரவில்லை.