காதுகேட்கும் கருவியை டிவியுடன் இணைத்த அனுபவம்

இரு காதுகளிலும் கருவி அணிந்திருக்கும் எனக்கு, டிவியில் செய்தி வாசிப்பவரின் குரல் கேட்குமே தவிர, சொற்கள் பிரிந்து விளங்குவதில்லை. அறையின் எதிரொலி கலக்காமல் டிவியின் ஒலியை நேரே கருவிக்குள் அனுப்பும் ஸ்ட்ரீமர் என்ற சிறு பெட்டியை, செவித்திறனைச் சோதித்துக் கருவியைப் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் பரிந்துரைத்தபோது, அதை இணைப்பது சில நிமிட வேலை என்றே கையேடும் சொன்னது.

காதுகேட்கும் கருவியின் பேட்டரி மிகச் சிறியது என்பதால், மின்சாரத்தை அதிகம் இழுக்கும் வழக்கமான புளூடூத்தைத் தவிர்த்து, பல நிறுவனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தமக்கென்றே ஒரு முறையை வைத்திருக்கின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தின் ஸ்ட்ரீமர் இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பெரும்பாலும் பேசாது. ஒரே நிறுவனத்தின் பழைய கருவியும் புதிய ஸ்ட்ரீமரும்கூடச் சேராமல் போகலாம். வாங்கும் முன்பே மாடல் எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்வது அவசியம்.

என் கருவிகள், அணைத்து மீண்டும் இயக்கியவுடன் சில நிமிடங்கள் மட்டுமே புதிய இணைப்பை ஏற்கும். பேட்டரி மாற்றும் வகையானால் அதன் கதவைத் திறந்து மூட வேண்டும். சார்ஜ் செய்யும் வகையானால் சார்ஜரில் வைத்து எடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஸ்ட்ரீமரின் பொத்தானை அழுத்தினால் வலது கருவி இணைந்தது, இடது இணையவில்லை. இணைந்ததைத் தெரிவிக்கும் மணியோசை கருவிக்குள்ளேதான் ஒலிக்கிறது. அப்போது கருவியோ மேசைமேல் இருக்கிறது. பெட்டியின் பச்சை விளக்கு, ஒன்று சேர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தாலும் ஒரே மாதிரி எரிந்தது. காது கேளாதவருக்கென்றே செய்த பொருளில், பார்த்து அறியக்கூடிய தெளிவான அடையாளம் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு, இரு கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்கிப் பெட்டியின் அருகிலேயே வைத்த பிறகுதான் இரண்டும் சேர்ந்தன.

சேர்ந்த பின்னும் ஒலி வரவில்லை. டிவியின் ஆப்டிகல் என்ற ஒலி வெளியீட்டு வழியாக டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கப்பட்ட வடிவில் ஒலி வெளியேறிக்கொண்டிருந்தது; என் ஸ்ட்ரீமருக்கோ பிசிஎம் என்ற சுருக்கப்படாத வடிவம் மட்டுமே புரியும். டிவியின் ஒலி அமைப்புகளுக்குள் சென்று, டிஜிட்டல் வெளியீட்டைப் பிசிஎம் என்று மாற்றியதும் செய்தி வாசிப்பவரின் குரல் காதுக்குள் தெளிவாக வந்தது. இந்த ஒரு வரி கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இணைப்பில் கோளாறா, ஒலி வடிவத்தில் கோளாறா என்று பிரித்துச் சொல்ல எந்த அறிகுறியும் இல்லாததால், நன்றாக இருந்த இணைப்பையே மீண்டும் மீண்டும் அழித்துப் புதிதாகச் செய்துகொண்டிருந்தேன்.

இதற்கிடையே உதவி கேட்க நிறுவனம் தந்திருந்த வழி, தொலைபேசி எண் ஒன்றுதான். எதிர்முனையில் பேசுபவரின் சொற்களைப் பிடிக்க முடியாதவர்களே இக்கருவியை வாங்குகிறார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும். எழுத்தில் பதில் வேண்டும் என்று பலமுறை வற்புறுத்திய பிறகே மின்னஞ்சல் வந்தது. பிசிஎம் பற்றிய குறிப்பும் அதில்தான் இருந்தது.

கைப்பேசி இணைப்பு தனி விஷயம். ஐபோனுக்கு ஒரு முறை, ஆண்ட்ராய்டுக்கு ஆஷா என்ற முறை, 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற பொது முறை என்று மூன்றும் இன்று ஒருசேரப் புழங்குவதால், கைப்பேசி வாங்கும்போதும் கருவியின் பொருத்தப் பட்டியலைப் பார்த்தே தீர வேண்டும்.

ஒலி வந்தபின் இன்னொரு குறை தெரிந்தது. கருவியின் நுனியில் காதுக்குள் செல்லும் மென்மையான மூடியான டோமில், காதை முழுவதும் அடைக்காத திறந்த வகையை அணிந்திருப்பதால், தாழ்ந்த ஒலிகள் வெளியே கசிந்து, குரல்கள் மெலிந்து கேட்டன. ஆடியாலஜிஸ்ட் ஸ்ட்ரீமிங்குக்கான அமைப்பில் மட்டும் தாழ்ந்த அதிர்வெண்களை உயர்த்தினார். டிவி ஓடும்போது கருவியின் மைக் முழுவதும் அடங்கிவிடாமல் ஓரளவு திறந்திருக்கும்படியும் வைத்தார். பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கிறேன். ஸ்ட்ரீமர் வாங்குபவர்கள் இந்த இரண்டு மாற்றங்களையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுச் செய்துகொள்ளலாம்.